சுவரை மூடுறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)



ரொம்ப நாளா உங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, வீடியோ கிளிப்ல உங்க பின்னாடி நீலமா ஏதோ மின்னுதே, அது வால்பேப்பரா?" இல்லைங்க. அது நிஜமான டேங்க். 680 லிட்டர் உப்புத் தண்ணி, பதினொரு மீன், உயிரோட இருக்கிற பவளங்கள். ரீஃப் டேங்க்னு சொல்வாங்க.

இன்னைக்கு அதைக் கட்டின கதை. நான் பண்ண ஒரு பெரிய தப்பும் இதுல இருக்கு. அந்தத் தப்புக்கும் இந்த பாட்காஸ்ட்டுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. அதனாலதான் இவ்வளவு நாளா இதைப் பேசாம தள்ளிப் போட்டுட்டே வந்தேன்.

ஏன் பேஸ்மென்ட்?

நான் இருக்கிறது கனடாவுல, டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ்ல, அக்கா வீட்டு பேஸ்மென்ட்ல. நம்ம ஊர்ல இருந்து கேக்குறவங்களுக்காக ஒரு வரி: இங்க குளிர்காலத்துல நிலமே உறைஞ்சு போகும். அதனால அஸ்திவாரத்தை உறையுற ஆழத்துக்கும் கீழ கொண்டு போகணும். அவ்வளவு தோண்டின பிறகு அதையே ஒரு தளமா ஆக்கிடுறாங்க. பல புது வீடுகள்ல அது வெறும் கான்கிரீட்டாத்தான் கைக்கு வரும். சுவர், சீலிங், தரை எல்லாம் நாமதான் போட்டுக்கணும்.

2021 கடைசியில அக்காவும் அத்தானும் பேஸ்மென்ட்டை முடிச்சிடலாம்னு முடிவு பண்ணாங்க. எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். நான் ஒரு டீல் போட்டேன். பாதிச் செலவு என்னுது. பதிலுக்கு எனக்கு ஒரு ரூம், ஒரு ரெக்கார்டிங் மூலை, ஒரு டேங்க். அத்தான் சிரிச்சார். "மாப்ள, டேங்க்னா அந்த மேசை மேல வைக்கிற சைஸ்தானே?" நான் ஆமாம்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். தண்ணி மட்டுமே 700 கிலோ வரும். கண்ணாடி, ஸ்டாண்ட், பாறை எல்லாம் சேர்த்தா ஒரு டன் பக்கத்துல. மாடியில மரச் சட்டத்து மேல நிக்கிற தரையில இதை அப்படியே வைக்க முடியாது, கீழ தாங்கு கொடுக்கணும். பேஸ்மென்ட்ல நேரா கான்கிரீட் மேல உட்காரும். எடைப் பிரச்சனை முடிஞ்சது. அந்த ஒரு பிரச்சனை முடிஞ்சதும் எல்லாப் பிரச்சனையும் முடிஞ்ச மாதிரி நான் நினைச்சுக்கிட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

ரீஃப் டேங்க்ல நீங்க பாக்குறது பாதிதான். மீதி கீழேயும் பின்னாடியும் இருக்கும். டேங்க்கோட மேல் விளிம்பு வழியா தண்ணி வழிஞ்சு, ஸ்டாண்டுக்குள்ள இருக்கிற இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அதுக்குப் பேர் சம்ப். ஹீட்டர், சென்சார், புரோட்டீன் ஸ்கிம்மர் எல்லாம் அங்கதான். ஸ்கிம்மர்ங்கிறது காத்தைப் பொடிக் குமிழியா தண்ணிக்குள்ள விட்டு, அழுக்கை நுரையா மேல தள்ளி எடுக்கிற மெஷின். சுத்தமான தண்ணியை ரிட்டர்ன் பம்ப் மறுபடி மேல ஏத்தும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. கரண்ட் போனா பம்ப் நிக்கும். ஆனா மேல இருக்கிற தண்ணி, ரிட்டர்ன் பைப்போட வாய் எந்த மட்டத்துல இருக்கோ அதுவரைக்கும் தானா பின்னோக்கி சம்ப்புக்கு இறங்கும். என் டேங்க்ல ஒரு அங்குல உயரத்துக்கு 28 லிட்டர். நான் பைப்பை மூணு அங்குலம் கீழ வெச்சிருந்தேன். அப்ப 84 லிட்டர். சம்ப்ல காலியா இருந்த இடம் 60.

நல்ல வேளை, தரை போடுறதுக்கு முன்னாடியே வெறும் குழாய்த் தண்ணி ஊத்தி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மீதித் தண்ணி கான்கிரீட் மேல ஓடி ஃப்ளோர் ட்ரெய்னுக்குள்ள போயிருச்சு. பைப்பை மேல தூக்கி, தண்ணி மட்டத்துக்கு ஒட்டின மாதிரி ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் இறங்கினதும் ஓட்டை வழியா காத்து புகுந்து, இழுக்குறது நின்னுடும். ரெண்டாவது டெஸ்ட் பாஸ்.

எலக்ட்ரிகல் வேலையை லைசன்ஸ் உள்ளவர்தான் பண்ணார். டேங்க்குக்குத் தனியா ரெண்டு சர்க்யூட். ஒண்ணு ட்ரிப் ஆனாலும் இன்னொண்ணுல பம்ப் ஓடும். கசிவு வந்தா உடனே கட் ஆகுற ஜிஎஃப்சிஐ அவுட்லெட். இதுலயெல்லாம் நான் காசு பாக்கல.

ஒரே ஒரு இடத்துல பாத்தேன்.

900 டாலர்

எங்க கான்ட்ராக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பேஸ்மென்ட் வேலையில ரொம்ப வருஷம் பழம் தின்னவர். டேங்க் வரப்போற மூலையைப் பாத்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதிலை இருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஆவியாப் போகும்?"

நான் கணக்கு வெச்சிருந்தேன். ஆறு ஏழு லிட்டர். உப்பு ஆவியாகாது, தண்ணி மட்டும்தான் போகும். அதனால குறையுற அளவுக்கு நல்ல தண்ணியைத் தானா ஊத்துற ஒரு கருவி வாங்கியாச்சுன்னு பெருமையா சொன்னேன்.

"அது சரி. போற தண்ணி எங்கை போகும்?"

பதில் சொல்ல எனக்கு வரல. மாசத்துக்கு 200 லிட்டர் தண்ணி. வீட்டுக்குள்ளதான் போகும், வேற எங்க?

அவர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், வெளிச்சுவர் வரைக்கும் ஒரு டக்ட்டும் போடச் சொன்னார். ஈரப்பதம் ஏறினா தானா ஓடுற ஸ்விட்சோட 900 டாலர். அதுக்குள்ள எல்லாம் சேர்த்து 15,000 டாலர் தாண்டியிருந்தேன். "அண்ணா, வீட்ல ஏற்கனவே ஹெச்ஆர்வி இருக்கு, அது பாத்துக்கும்"னு சொன்னேன். ஹெச்ஆர்விங்கிறது வீட்டோட மூச்சு மாதிரி. உள்ள இருக்கிற அழுக்குக் காத்தை வெளிய தள்ளி, வெளிக் காத்தை உள்ள இழுக்கும். போற காத்தோட சூட்டை வர்ற காத்துக்கு மாத்தி விடும். மைனஸ் 15-ல ஜன்னலைத் திறக்க முடியாத ஊருக்கு அதுதான் வழி.

அவர் ரொம்ப வற்புறுத்தல. "தம்பி, சுவரை மூட முதல் இன்னொருக்கா யோசியும். மூடினாப் பிறகு கதைக்கிறதிலை பிரயோசனம் இல்லை."

நான் யோசிக்கல. சுவர் மூடியாச்சு.

பொறுமையா இருந்த ஒரே வருஷம்

2022 ஜனவரில உப்பு கலந்தேன். குழாய்த் தண்ணியை வடிகட்டி, தாதுக்களையெல்லாம் எடுத்துட்டு, ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. பாறையை அடுக்கினேன். அப்புறம் ஆறு வாரம் ஒண்ணுமே இல்லாத தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏன்னா, மீனோட கழிவு அம்மோனியாவா மாறும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அதை ஓரளவுக்கு மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியா பாறையில குடியேறிப் பெருகணும். பணம் கொடுத்து அதை வேகப்படுத்துறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் தள்ளுற நமக்கு இது பெரிய டார்ச்சர்.

அப்புறம் பாறையெல்லாம் பழுப்புப் பாசி. அக்கா இறங்கி வந்து பாத்துட்டு, "15,000 டாலருக்கு இந்தக் குட்டையா டா?"ன்னு கேட்டா. அதுவும் தானா போச்சு. பண்ணையில வளர்த்த ரெண்டு க்ளவுன்ஃபிஷ் வந்துச்சு. அந்த வருஷம் மே 21 ஒன்டாரியோவை ஒரு பெரிய சூறைக்காத்து அடிச்சது. எங்க தெருவுல கரண்ட் போயிருச்சு. பேட்டரில ஓடுற ரெண்டு ஏர் பம்ப்பைப் போட்டு ராத்திரி பூரா பக்கத்துலயே படுத்திருந்தேன். ஒண்ணும் சாகல.

அதுக்கப்புறம்தான் பவளம். பவளம் செடி இல்லைங்க, பாறையும் இல்ல. அது ஒரு விலங்கு. அதோட திசுக்குள்ள நுண்பாசி குடியிருக்கும். பாசி வெளிச்சத்துல சாப்பாடு செய்யும், பவளம் அதை வாங்கிக்கும். தண்ணியில இருந்து கால்சியமும் கார்பனேட்டும் எடுத்து எலும்பு கட்டும். இங்க இந்த ஹாபில இருக்கிறவங்க தங்க டேங்க்ல வளர்ந்ததை விரல் நுனி அளவு வெட்டி, ஒருத்தருக்கொருத்தர் கொடுப்பாங்க. நான் வாங்கின 14 துண்டும் அப்படி வீட்ல வளர்ந்ததுதான்.

எங்க அம்மா தூத்துக்குடில இருந்து வீடியோ கால்ல பாத்துட்டு சொன்னது ஞாபகம் இருக்கு. "இதையா இவ்வளவு காசு கொடுத்து வளக்குற? நம்ம ஊர்ல இதை வண்டி வண்டியா அள்ளி சுண்ணாம்புக்குச் சுட்டாங்களே." உண்மைதான். மன்னார் வளைகுடா தீவுகளைச் சுத்தி இருந்த பவளத்தை அப்படித்தான் வெட்டி எடுத்தாங்க. அங்க இருந்த 21 தீவுல ரெண்டு இப்ப கடலுக்கு மேல இல்ல. 1986-லயே அது தேசியப் பூங்கா. 2001-ல இருந்து கல் பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல புலிக்குக் கொடுக்கிற அதே பாதுகாப்புல இருக்கு. அதனால இதைக் கேட்டுட்டு ராமேஸ்வரம் போய் ஒரு துண்டு ஒடச்சு எடுத்துட்டு வரலாம்னு யாராவது நினைச்சா, நினைக்காதீங்க.

கிராஃப் சொன்னதை நான் தப்பா படிச்சேன்

2022 அக்டோபர்ல அக்காவுக்குப் பையன் பொறந்தான். நவம்பர்ல இருந்து வீடு முழுசா மூடியே இருந்துச்சு. அப்பதான் டேங்க்கோட பிஹெச் இறங்க ஆரம்பிச்சது. கடல் தண்ணிக்கு 8.1 பக்கம் இருக்கணும். எனக்கு 7.9, அப்புறம் 7.8.

நான் சென்சார் எல்லாம் வெச்சு கிராஃப் போட்டு வெச்சிருந்தேன். அதுல விநோதமா ஒண்ணு தெரிஞ்சது. ராத்திரி இறங்கும், அது எல்லா டேங்க்லயும் நடக்கிறதுதான். ஆனா வீக்கெண்ட்ல அதிகமா இறங்குச்சு. பொங்கலுக்கு மேல இருபத்தஞ்சு பேர் வந்திருந்த அன்னைக்கு 7.6. நான் என்ன நினைச்சேன்? சென்சார் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். புதுசு வாங்கினேன். அதுவும் அதையேதான் காட்டுச்சு.

சரி, நம்பரை ஏத்துவோம்னு சோடா ஆஷ் ஊத்தினேன். ஊத்தினதும் பிஹெச் ஏறும், சில மணி நேரத்துல மறுபடி இறங்கும். மறுபடி ஊத்துவேன். பிஹெச் நிக்கல. ஆனா தண்ணியோட காரத்தன்மை, அதாவது ஆல்கலினிட்டி, ரெண்டே நாள்ல 8-ல இருந்து 11-க்குப் போயிருச்சு. பவளத்துக்கு நம்பரை விட நம்பர் மாறுற வேகம்தான் ஆபத்து. நுனியில இருந்து திசு உரிய ஆரம்பிச்சது. வெள்ளை எலும்பு மட்டும் மிச்சம். 14-ல 9 போச்சு.

அலர்ட் வருதுன்னு காரணத்தைத் தேடாம அலர்ட்டை மட்டும் அமுக்குற ஆளை ஆபீஸ்ல நான் எவ்வளவு திட்டியிருப்பேன். வீட்ல நானே அதைப் பண்ணேன்.

அப்புறம்தான் ஒரு எளிமையான சோதனை பண்ணேன். டேங்க் தண்ணி ரெண்டு டம்ளர். ஒண்ணுல வீட்டுக்குள்ளயே ஒரு மணி நேரம் காத்தைக் குமிழி விட்டேன். இன்னொண்ணுல வீட்டுக்கு வெளிய. உள்ள இருந்தது 7.7-லயே நின்னுச்சு. வெளிய இருந்தது 8.2.

தண்ணில தப்பே இல்ல. காத்துலதான் தப்பு. மனுஷங்க மூச்சு விடுற கார்பன் டை ஆக்சைடு மூடின வீட்ல சேரும், தண்ணில கரையும், அமிலமாகும், பிஹெச் இறங்கும். பொங்கல் அன்னைக்கு இருபத்தஞ்சு பேர் விட்ட மூச்சைத்தான் கிராஃப் வரைஞ்சு காட்டியிருக்கு.

உடனே ஒரு மீட்டர் வாங்கினேன். வெளிக் காத்துல 420 பிபிஎம் பக்கம் இருக்கும். கனடா சுகாதாரத் துறை வீட்டுக்குள்ள நீண்ட நேரத்துக்குச் சொல்ற எல்லை 1,000. எங்க பேஸ்மென்ட்ல 1,900. ராத்திரி குழந்தை தூங்குற ரூம்ல 1,600. ஈரப்பதம்? குளிர்காலத்துல 30 சதவீதம் பக்கம் இருக்கணும்னு சொல்வாங்க. எங்க வீட்ல 58. மாடி ஜன்னல் எல்லாம் காலையில அழுதுக்கிட்டு இருந்துச்சு. அக்கா தினமும் துணி வெச்சு துடைச்சுக்கிட்டு இருந்தா. சமையல் ஆவின்னு நினைச்சிருக்கா.

ஹெச்ஆர்வி என்ன பண்ணுதுன்னு போய் பாத்தேன். ஆஃப்ல இருந்துச்சு.

அதை ஆஃப் பண்ணது நான்தான். முதல் சீசன் ரெக்கார்டிங்ல அதோட 'உம்ம்' சத்தம் மைக்ல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருந்தேன். ஒரு நாள் ஆஃப் பண்ணதோட விட்டுட்டேன். "ப்ரோ, ஆடியோ ஸ்டுடியோ குவாலிட்டி"ன்னு நீங்க கமெண்ட் போட்டீங்களே, அந்த எபிசோட்கள்தான்.

அக்காகிட்ட சொன்னது

டேங்க்குக்குப் பின்னாடி இருந்த ட்ரைவாலை ஒரு முழம் வெட்டிப் பாத்தேன். வெளிச்சுவர் பக்கம், கருப்பாப் பூஞ்சணம். என் ரெண்டு உள்ளங்கை அகலம்.

குழந்தைக்கு டிசம்பர்ல இருந்து இருமல். அது இதனாலதான்னு டாக்டர் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. ஈரத்தையும் பூஞ்சணத்தையும் உடனே சரி பண்ணுங்கன்னு மட்டும் சொன்னார். அந்த இருமலை நான் கீழ இருந்து ராத்திரி ராத்திரி கேட்டிருக்கேன். கேட்டுட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பிஹெச் கிராஃபைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி அக்காவைக் கீழ கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். கான்ட்ராக்டர் அண்ணா சொன்னது, 900 டாலர், ஹெச்ஆர்வி ஸ்விட்ச், எல்லாம். "டேங்க்கை எடுத்துடுறேன் அக்கா"ன்னேன். அவ சுவரையே பாத்துக்கிட்டு இருந்தா. கத்தியிருந்தா எனக்கு ஈசியா இருந்திருக்கும்.

"எடுக்குறதை அப்புறம் பேசலாம். மொதல்ல இதைச் சரி பண்ணு. பண்ற வரைக்கும் நாங்க அத்தை வீட்ல இருக்கோம்." பையனைத் தூக்கிக்கிட்டு அன்னைக்கே கிளம்பிட்டாங்க.

பன்னெண்டு நாள். கான்ட்ராக்டர் அண்ணாவே வந்தார். "நான் அப்பவே சொன்னனான்"னு ஒரு வார்த்தை சொல்லல. கெட்டுப்போன ட்ரைவாலையும் இன்சுலேஷனையும் வெட்டி எடுத்து, சுத்தம் பண்ணி, காய வெச்சு, ஈரம் தாங்குற போர்டு போட்டார். எக்ஸாஸ்ட் ஃபேனும் டக்ட்டும் இப்ப போட்டாச்சு. ஆனா மூடின சுவரைத் திறந்து போட்டதால 900 டாலர் வேலை 4,200 ஆச்சு. ஸ்கிம்மருக்குப் போற காத்தை ஒரு குழாய் வழியா வெளிய இருந்தே எடுக்கிறோம். ஹெச்ஆர்வி 24 மணி நேரமும் ஓடுது.

ஒரே வாரத்துல பிஹெச் 8.1. ஒரு சொட்டு கெமிக்கல் ஊத்தல. ஈரப்பதம் 36.

நீங்க கட்டப் போறீங்கன்னா

டேங்க் சைஸ், லைட், பம்ப் பத்தி யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். நான் சொல்றது வேற.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்ல ஒரு ஈரப்பத மீட்டரும் கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. தரை போடுறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. ஆவியாகிற தண்ணி எந்த வழியா வெளிய போகும்னு சுவர் திறந்திருக்கும்போதே முடிவு பண்ணுங்க.

குழந்தை, நாய், பூனை இருக்கிற வீடுன்னா ஸோவாந்தஸ், பாலிதோவா வகைப் பவளங்களைத் தவிர்த்துடுங்க. சிலதுல பாலிடாக்ஸின்னு கடுமையான விஷம் இருக்கு. அது ஒட்டின பாறையைக் கொதிக்க வெச்சு, ஆவியைச் சுவாசிச்சு, குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கு.

கடைசியா, வீட்ல இருக்கிற எல்லார்கிட்டயும் முழுசா சொல்லிட்டு ஆரம்பிங்க. சைஸை, எடையை, ஆவியாகிற தண்ணியை, எல்லாத்தையும். அவங்க சுவாசிக்கிற காத்துல உங்க ஹாபி கலக்குது. அதை அவங்க தெரிஞ்சு ஒத்துக்கணும். நான் அத்தானுக்கு ஆமாம்னும் இல்லைன்னும் சொல்லாம விட்டேன்னு ஆரம்பத்துல ஜோக் மாதிரி சொன்னேன் இல்லையா? தப்பு அங்கயே ஆரம்பிச்சிருச்சு.

டேங்க் இன்னும் இருக்கு. மிஞ்சின அஞ்சு துண்டும் இப்ப என் கை அகலத்துக்கு வளர்ந்திருக்கு. பையனுக்கு இருமல் இல்ல. தினமும் சாயங்காலம் இறங்கி வந்து கண்ணாடில மூக்கை வெச்சுக்கிட்டு நிக்கிறான். ஈரப்பத மீட்டர் கீழ இல்ல, மேல கிச்சன்ல இருக்கு. 45 தாண்டினா அக்கா படிக்கட்டுல இருந்து ஒரு குரல் கொடுப்பா. டேங்க் இருக்கணுமா வேணாமாங்கிறது இப்ப அவ முடிவு. அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்.

அப்புறம், இந்த எபிசோட் பூரா பின்னாடி சின்னதா 'உம்ம்'னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். அது ஹெச்ஆர்வி. எடிட் பண்றப்ப எடுக்கலாம்னு பாத்தேன், விட்டுட்டேன்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே.